கோடு போட வேண்டிய இடத்தில் பூச்சியம்

மழைமானிப் பதிவேட்டின் முதற் பக்கத்தில் ஒரு விதி அச்சிட்டிருக்கும். 'மழை பெய்யாத நாளில் பூச்சியம் எழுதுக. அவதானிக்கப்படாத நாளில் கோடு இடுக. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எழுதலாகாது.'

மூன்றே வாக்கியம். என் உத்தியோக காலம் முழுவதும் இந்த மூன்று வாக்கியத்துக்கும் காவல் நின்றேன். வன்னியில் மழை அளக்கும் நிலையங்களின் பதிவேடுகள் மாதம் முடிய என் மேசைக்கு வரும். கோடு இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியத்தைக் கண்டால் சிவப்புப் பேனையால் சுற்றி வளைத்துத் திருப்பி அனுப்புவேன். முதுகுக்குப் பின்னால் எனக்குச் 'சிவப்புப் பேனை' என்று பெயர். தெரியாததுபோல் இருந்தேன். உள்ளூரச் சந்தோஷம்தான்.

வித்தியாசம் சின்னது என்று நினைக்கிறீர்களா? பூச்சியம் என்றால், 'பார்த்தேன், மழை இல்லை.' கோடு என்றால், 'நான் பார்க்கவில்லை. பெய்ததோ இல்லையோ தெரியாது.' முன்னது தகவல். பின்னது ஒப்புதல். அரச அலுவலகத்தில் தகவல் எழுத எவரும் தயார். 'எனக்குத் தெரியாது' என்று எழுத வைப்பதற்குத்தான் விதி போட வேண்டியிருக்கிறது.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை, நெளுக்குளத்தில் என் வீட்டுப் படலையில் ராசம்மா வந்து நின்றார்.

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரம் இருக்கிறது வீரையடிக்குளம். அந்தக் குளத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு ராசம்மா செயலாளர். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர். தாயும் தகப்பனும் வெட்டிய காட்டில், அந்தக் குளத்தின் கீழ், இரண்டு ஏக்கர் நெல் செய்கிறார். கதைப்பதெல்லாம் எங்கள் தமிழ். கோபம் வந்தால் மட்டும் தாயின் தமிழ் எட்டிப் பார்க்கும்.

அன்று எட்டிப் பார்த்தது.

"ஐயா, எங்க ஊருல மழையே பெய்யிறதில்லையாம்ங்க. கடுதாசி அனுப்பியிருக்கானுங்க."

வாங்கி வாசித்தேன். கிராமக் குளங்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு திட்டத்தின் அலுவலகம் அனுப்பியது. குளக்கட்டைப் பலப்படுத்தி, மேலதிக நீர் வழிந்தோடும் வானையும் அகலப்படுத்தித் தரும்படி கமக்காரர் அமைப்பு கேட்டிருந்தது. பதில் இரண்டு வரி. குளத்துக்கு நீர் வரும் பிரதேசத்தின் நீண்டகாலச் சராசரி மழை, திட்டம் எதிர்பார்க்கும் அளவிலும் குறைவு. எனவே கோரிக்கையை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்.

"போன மாரிக்குக் குசினிக்குள்ள முழங்கால் தண்ணி. கோழியெல்லாம் கூரையில," என்றார் ராசம்மா. கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்தத் தண்ணி எங்கயிருந்து வந்ததாம்?"

"அது ஒரு வருசம். இவை சராசரி பாக்கினம்."

"சராசரியா எல்லா வருசமும் கோழி கூரையிலதான் ஐயா."

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி பரமேஸ்வரி, "அப்ப கோழியிட்டயும் ஒரு கடிதம் வாங்கி இணைச்சு விடுங்கோவன்," என்றார்.

சிரித்தோம். ஆனால் சிரிக்கிற காரியமல்ல. அந்தக் குளக்கட்டு ஓரிடத்தில் வருடா வருடம் கசிகிறது. மாரி முழுவதும் ஊரார் முறைபோட்டு மண்மூட்டை அடுக்குகிறார்கள். கட்டுக்குக் கீழேதான் குடியிருப்பு.

"இந்தக் கோடைக்குள்ள கட்டாட்டில் வாற மாரி தாங்காது ஐயா. ஒண்டில் தானா உடையும். இல்லாட்டில் நாங்களே வெட்டி விடோணும்."

தானாக உடைந்தால் வீடுகள் போகும். வீடுகள் இல்லாத கரைப் பக்கமாக நாங்களே வெட்டிவிட்டால் வீடுகள் தப்பும், தண்ணீர் போகும். தண்ணீர் போனால் கோடையில் செய்யும் சிறுபோக நெல் இல்லை. ஊருக்கு இருந்த தெரிவு இவ்வளவுதான்.

"ஐயா மழைக் கந்தோரில இருந்தனீங்கள். இது எப்பிடி வந்ததெண்டு பாத்துச் சொல்லுங்கோ," என்று கடிதத்தின் பிரதியை வைத்துவிட்டுப் போனார்.

பார்த்துச் சொல்வதற்கு எனக்கென்ன? மடிக்கணினியைத் திறந்தேன். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பியது. ஓய்வுபெற்றவர்களில் சிலர் கோயில் நிர்வாகத்தில் சேர்வார்கள். நான் பைத்தன் படிக்கத் தொடங்கினேன். இரண்டிலும் நாள் முழுக்கச் சண்டை. பைத்தனில் எத்தனையாம் வரியில் சண்டை என்று உடனே சொல்லிவிடும்... அதுதான் வசதி.

திட்ட அலுவலகம் வெளிப்படையான அலுவலகம். மழைத் தரவுக் கோப்பு அவர்களது இணையத்தளத்தில் இருக்கிறது. சராசரி கணிக்கும் ஸ்கிரிப்டும் இருக்கிறது. எவரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த நாட்டில் வெளிப்படைத்தன்மை நடக்கிறது.

கோப்பு என்றதும் எக்செல் தாளை நினைக்காதீர்கள். மூடி போட்ட ஒரு பெட்டியை நினையுங்கள். உள்ளே எண்கள் மட்டும், வரிசை வரிசையாக. ஒரு பக்கம் நிலையங்கள், மறுபக்கம் நாட்கள். இந்த எண்கள் என்ன, எந்த அலகு என்பதெல்லாம் மூடியில் எழுதி ஒட்டியிருக்கும்.

எண்களின் அடுக்குக்குள் கோடு போட முடியாது. எண்தான் போடலாம். ஆகவே கோட்டுக்குப் பதிலாக, மழைக்கு ஒருநாளும் வரமுடியாத ஓர் எண்ணைப் போடுவார்கள். மைனஸ் 9999 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த எண்ணைக் கண்டால் அவதானிப்பு இல்லை என்று கொள்க' என்று மூடியில் எழுதுவார்கள். பெட்டியைத் திறக்கும் நிரல் மூடியை வாசித்து, அந்த எண் உள்ள இடங்களையெல்லாம் மறைத்துவிட்டு மிச்சத்தை எங்களிடம் தரும். நல்ல ஏற்பாடு. மூடியில் எழுதியிருப்பது சரியாக இருக்கும்வரை.

ஸ்கிரிப்டை ஓட்டினேன். வீரையடிக்குளத்துக்கு அருகிலுள்ள நிலையத்தின் சராசரி, கடிதத்தில் இருந்த அதே எண். சரி. வருடம் வருடமாகப் பிரித்துப் போட்டேன்.

நடுவில் சில வருடங்களுக்குப் பூச்சியம்.

குறைவு அல்ல. பூச்சியம். மாரியில் வரும் காலபோக மழையில்லை, இடியில்லை, தூறல்கூட இல்லை. பாலைவனத்தில்கூட வருடத்துக்கு ஒருமுறை யாரோ குடை தேடுவார்கள்.

அவை எந்த வருடங்கள் என்று வன்னி வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தத்தின் கடைசியும் அதற்குப் பிந்திய முகாம் காலமும். ஊர் முழுவதும் சட்டிபானையோடு எழும்பிப் போனபோது மழை அளப்பவரும் எழும்பிப் போனார். வேறென்ன செய்வார்? காலை எட்டரைக்கு அளக்க வேண்டும் என்ற விதிக்காக அங்கே நிற்பாரா?

அந்த வருடங்களில் மழை பெய்தது. எனக்குத் தெரியும். நான் நனைந்தேன். முகாமின் தறப்பாள் கூரையில் தேங்கிய தண்ணீரைத் தடியால் தள்ளி விழுத்தினேன். கீழே ஓடிய தண்ணீரைப் பரமேஸ்வரி கோப்பையால் அள்ளி ஊற்றினார். அள்ளினாரே தவிர அளக்கவில்லை. அளக்காத மழை, கோப்பில் பெய்யாத மழை ஆகிவிட்டது.

இந்த மண்ணில் கணக்கில் வராமற் போனவை பல. இந்தப் பத்திரிகைப் பத்தி மழையைப் பற்றியது மட்டும். மற்றவற்றுக்கு நான் பொறுப்பதிகாரி அல்ல.

சரி, மறைத்திருக்க வேண்டிய இடங்கள் பூச்சியமானது எப்படி?

ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து வாசித்தேன். முதல் வரியே 'வோர்னிங் எதையும் காட்டாதே' என்ற கட்டளை. எச்சரிக்கைகளைக் கண்ணில் காட்டவேண்டாம் என்று கணினிக்கு உத்தரவு. தபாற்பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டுக் கந்தோரைத் திறப்பதுபோல. அந்த வரியை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினேன். இத்தனை வருடமும் சொல்லக் காத்திருந்ததுபோல் ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. மூடியில் எழுதிய குறியை இந்த எண்களின் வகைக்கு மாற்ற முடியாது. ஆகவே அதை நான் பயன்படுத்தவில்லை.

இரண்டாவது வேலை. நிரல் தானாகச் செய்யும் மறைப்பு, வகுத்தல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் உள்ள எண்களை உள்ளபடியே அச்சிட்டுப் பார்த்தேன். இடம் மிச்சம் பிடிக்க, மழையைப் பத்தால் பெருக்கி முழு எண்களாக வைத்திருந்தார்கள். பன்னிரண்டு தசம் நான்கு மில்லிமீற்றர் என்றால் உள்ளே 124. திறக்கும்போது பத்தால் வகுபடும். அந்த வருடங்களில் வரிசையாக மைனஸ் 9999. மிகச் சரி. கோடு போட வேண்டிய எல்லா இடத்திலும் அந்த எண் ஒழுங்காக இருந்தது.

மூடியில்? மைனஸ் 999.9.

தசமம் போட்ட குறி. உள்ளே தசமமே இல்லாத எண்கள். நிரல் தேடிய பெயரில் வீட்டில் ஆளில்லை. ஒருவரையும் மறைக்காமல், எல்லாவற்றையும் பத்தால் வகுத்து வெளியே அனுப்பிவிட்டது. மைனஸ் 999.9 மில்லிமீற்றர் மழை!

இதையாவது யாரும் கண்டிருக்கக் கூடாதா? கண்டிருக்கிறார்கள். ஸ்கிரிப்டின் நடுவில் ஒரு வரி இருந்தது. 'பூச்சியத்திலும் குறைந்தால் பூச்சியமாக்கு.' பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தது. மழை மைனஸாக இருக்க முடியாது. எழுதியவர் மூளையில்லாதவர் அல்ல. மைனஸைப் பார்த்திருக்கிறார். 'இது ஏன் இப்படி?' என்று கேட்பதற்குப் பதிலாகத் துடைத்துவிட்டார். பூச்சியம் பார்வைக்குத் துப்புரவு. எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இப்படியான பிழைதான் ஆக மோசமானது. சராசரி மைனஸில் வந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். அடுத்த நாளே திருத்தியிருப்பார்கள். இது நம்பக்கூடிய அளவுக்குத்தான் பிழை. எல்லைக்குச் சற்றுக் கீழே. ஒரு குளத்தைத் தட்டிக் கழிக்கப் போதுமான அளவு.

மைனஸ் 9999 உள்ள நாட்களை நானே மறைத்து, பிறகு பத்தால் வகுத்து, ஒழுங்காக அளந்த வருடங்களுக்கு மட்டும் சராசரி எடுத்தேன். வீரையடிக்குளம் எல்லையைத் தாண்டி வந்து நின்றது. தாராளமாக.

திட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மரியாதையான உத்தியோகத்தர். பொறுமையாகக் கேட்டார்.

"சேர், அது சிஸ்டத்தில வந்த வேல்யூ."

"தம்பி, சிஸ்டம் எண்களைப் பெத்துப் போடுறேல்லை. ஆரோ குடுக்கிறவை."

"விளங்குது சேர். மூடிக் குறிப்பில பிழை எண்டுறியள். அதை எழுதினது ஆரெண்டு தெரியுமோ? தெரிஞ்சால் அவரிட்ட ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கித் தாங்கோ. அதை வைச்சு உடனே மாத்தலாம். ஆரெண்டு தெரியாட்டில் விசாரணைக் குழுவுக்குத்தான் போகும். குழுவுக்குப் போனால்... சேருக்குச் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லைதான். அப்படியான குழுக்களில் நானே இருந்திருக்கிறேன். ஒன்று இன்னும் அறிக்கை கொடுக்கவில்லை. தலைவர் காலமாகிவிட்டார்.

ஆளைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்று போனை வைத்தேன். என்ன உற்சாகம்! இத்தகைய கோப்புகளின் மூடியில் இன்னொரு பகுதியும் உண்டு. வரலாறு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரிகள். வைகாசியில் ஒருநாள் பின்னேரம், சிவப்புப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அதை வாசித்தேன்.

முதல் வரி: கோப்பு ஆக்கப்பட்டது. இல்லாமைக் குறி மைனஸ் 9999.

இரண்டாவது வரி: இல்லாமைக் குறி, அலுவலகக் கடிதத்தின்படி மைனஸ் 999.9 என மாற்றப்பட்டது. பின்னால் அந்தக் கடிதத்தின் இலக்கம்.

இலக்கத்தின் நடுவில் ஒரு சாய்கோடு, அதற்குப் பிறகு இரண்டு எழுத்து. அப்படி இலக்கமிடுகிறவர் எங்கள் பகுதியில் ஒரேயொருவர். அவர் அந்த வரியை இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார்.

நான் எழுதிய எல்லாக் கடிதத்துக்கும் பிரதி வைத்திருப்பேன். அதுவும் இருந்தது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, பழைய பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றியபோது, மாற்றிய நிறுவனம் மூடிக் குறிப்பைச் சரிபார்க்க எனக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் எழுதியது மைனஸ் 9999. உள்ளே இருந்ததும் அதுதான். எங்கள் சுற்றுநிருபத்தில் இருந்தது மைனஸ் 999.9. நான் குறிப்பைச் சுற்றுநிருபத்தோடு ஒப்பிட்டேன். பெட்டிக்குள் இருந்ததோடு ஒப்பிடவில்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. சிவப்பில் சுற்றி வளைத்து எழுதியிருந்தேன்: 'சுற்றுநிருபத்துக்கு இணங்கத் திருத்துக.'

திருத்திவிட்டார்கள்.

அவர்கள் கெஞ்சினார்களோ, விளக்கினார்களோ... ஞாபகமில்லை. விளக்கியிருந்தாலும் நான் சுற்றுநிருபத்தைத்தான் காட்டியிருப்பேன். என்னைப்போல் ஒருவரோடு யார் மல்லுக்கட்டுவார்?

அதற்கு அடுத்த நாள் நான் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். விதி, இணைப்பு, பிரதிகள் எல்லாம் ஒழுங்கு. அதில் ஒரு வாக்கியம்: 'தரவுக் கோப்பின் குறிப்பில் தவறொன்று ஏற்பட்டுள்ளமை அவதானிக்கப்பட்டுள்ளது.'

அரசாங்கத் தமிழில் தவறை யாரும் விடுவதில்லை. அது ஏற்படும். மழைபோல, காய்ச்சல்போல. அவதானிப்பதற்கும் ஆளில்லை, அவதானிக்கப்படும். இந்த வாக்கியத்தை நான் நூறு பேரின் கடிதத்தில் கண்டு எள்ளிச் சிரித்திருக்கிறேன். என் கை எவ்வளவு சுலபமாக எழுதியது!

பரமேஸ்வரி தட்டச்சுப் பிழை பார்ப்பவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏற்பட்டதாமோ? தானாவோ?"

"அப்பிடித்தான் எழுதுறது."

"அப்ப ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாது?"

கடிதத்தை வாங்கி உறையில் போட்டு ஒட்டினேன். கடிதம் தபாலில் போனது.

எதிர்பார்த்ததுபோல் விசாரணைக் குழுவுக்குப் போனது. ஆனி போனது. வெயில் வீரையடிக்குளத்தை வற்ற வைத்து, கட்டு வேலைக்கு வாகாக ஆக்கிவைத்தது. பக்கத்துக் குளங்களில் மண் ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

ஆடியில் ராசம்மா வந்தார். ஒரு பை நிறையப் பாலைப்பழம். காட்டுக்குள் மரமேறிப் பறித்தது.

"ஐயா, நானே கந்தோருக்குப் போய்க் கேட்டனான். ஆர் பிழை விட்டதெண்டு ஐயா எழுதேல்லையாம். அது தெரிஞ்சால் காணுமாம். ஐயாவுக்கும் தெரியாதோ?"

பரமேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"தெரியும்," என்றேன். "நான்தான்."

அலுமாரிப் பிரதியை எடுத்து நீட்டினேன். ராசம்மா அந்தச் சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஐயாவின்ர கையெழுத்தோ?"

"ஓம்."

"எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"வைகாசியில."

விரலை மடித்து எண்ணினார். பிறகு நிமிர்ந்தார்.

"ரெண்டு மாசம்ங்க."

அந்தத் தமிழ் எப்போது வரும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பழப் பையை வைத்துவிட்டுத்தான் போனார். திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே எழுதினேன். 'இந்தத் தவறை விட்டவன் நான். பெட்டிக்குள் இருந்த எண்ணைப் பார்க்காமல் குறிப்பை மாற்றச் சொன்னேன்.' பெயர், பழைய பதவி, கையொப்பம். சிவப்பு வட்டம் போட்ட பிரதியையும் இணைத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் ஆகக் கட்டையானது.

உத்தியோகத்தர் போனில் வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான். "சேர், இது முதலே வந்திருந்தால் என்ர மேசையிலயே முடிச்சிருப்பன். இப்ப பைல் குழுவிட்டப் போட்டுது. குழு கூடினால்தான் திருப்பி வரும்."

குழு எப்போது கூடும்? அதைக் கேட்கிற அளவுக்கு நான் அனுபவமில்லாதவன் அல்ல.

கடிதப் பதிவுக்கு வீட்டிலும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். 'பதில் கிடைத்த திகதி' என்று தலைப்பிட்ட ஒரு வரிசை. வாரம் முடிய அதில் ஒரு கோடு போட்டேன். பூச்சியம் போடவில்லை. விதி விதிதானே.

வீரையடிக்குளத்துக்குப் போய் ஒரு மழைமானியும் ஒரு பதிவேடும் ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "இனி ஒருத்தரையும் நம்பவேண்டாம். நீங்களே அளவுங்கோ," என்றேன். வாங்கினார். முதற் பக்க விதியை வாய்விட்டு வாசித்தார். "கோடு எண்டால் தெரியாது எண்டு அர்த்தமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "லேசான விதிதான்," என்றார்.

ஆவணி, புரட்டாதி... கோடு, கோடு. ஐப்பசியில் மழை இறங்கியது. இனி மண்வேலை செய்ய முடியாது. கார்த்திகையில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. மண்மூட்டை அடுக்கத் தொடங்கினார்கள்.

மார்கழியில் ஒரு விடியற்காலை போன் வந்தது.

"ஐயா, கட்டு இளகுது. கூட்டம் வைச்சுக் கதைச்சிட்டம். வெட்டப் போறம்."

முதல் பஸ் பிடித்துப் போனேன். நெடுங்கேணியிலிருந்து ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் நின்றுகொண்டு போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஊர் முழுவதும் குளக்கட்டில் நின்றது. வீடுகள் இல்லாத பக்கம், கரையோரமாக, இடம் அடையாளப்படுத்தியிருந்தார்கள். முடிவு எடுத்த அமைப்பின் பொறுப்பாளிதான் முதல் வெட்டு வெட்ட வேண்டும் என்பது அங்கே வழமை. பிறகு யார்மீதும் யாரும் குறை சொல்லக் கூடாதல்லவா? பதவியில் இருப்பவர் தன் கையால் வெட்டி, ஊர் பார்க்கப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். இப்படி ஒரு நடைமுறை எந்தச் சுற்றுநிருபத்திலும் நான் கண்டதில்லை.

ராசம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியை ஓங்கினார். மற்றவர்கள் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. சிவப்புத் தண்ணீர். சிறுபோகம் காட்டுக்குள் ஓடிப்போவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். வீடுகள் தப்பின.

"இரவு எவ்வளவு பெய்தது?" என்று கேட்டேன். பழக்கம். வாய் நிற்காது.

ராசம்மா சேற்றுக் கையைத் துடைத்துவிட்டு, பொலித்தீன் பைக்குள்ளிருந்து பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நாளும் காலை எட்டரை. ஒரு நாள் தவறவில்லை. கடைசி வரியைத் தவிர.

"இண்டைக்கு அளக்கேல்லை ஐயா. எட்டரைக்குக் கட்டில நிண்டனான். கோடு போட்டிருக்கிறன்."

அந்த மாரியின் ஆகப் பெரிய மழை. நேரான, சின்ன ஒரு கோடு. முப்பதுக்கு மேற்பட்ட வருடம் பதிவேடு பார்த்த எனக்கு அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

பின்னேரம் நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். பரமேஸ்வரி துவாயையும் ஒரு கடித உறையையும் சேர்த்து நீட்டினார். திட்ட அலுவலகத்தின் உறை. நின்றபடியே வாசித்தேன்.

தங்கள் ஒப்புதல் கிடைக்கப்பெற்றது. தரவு திருத்தப்பட்டது. வீரையடிக்குளம் தகுதி உடையதாகக் காணப்பட்டு, வரும் கோடை வேலைகளுக்கான பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. வேலை ஆரம்பிக்குமுன் குளத்தில் நீர் இல்லாதிருப்பதைக் கமக்காரர் அமைப்பு உறுதிசெய்தல் வேண்டும்.

உறுதிசெய்தாயிற்று.

கொப்பியை எடுத்தேன். கோடுகளுக்குக் கீழே, 'பதில் கிடைத்த திகதி' என்ற வரிசையில், சிவப்புப் பேனையால் எழுதினேன்: மார்கழி 9.